பழைய குடும்பப் போட்டோ கையில் கிடைத்தால் முதலில் திருப்பிப் பாருங்கள்

கேள்வி இதுதான்: பழைய பெட்டியின் அடியில் ஒரு குடும்பப் போட்டோ கிடைத்திருக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, கரும்பச்சை நிறத் தடித்த அட்டையில் ஒட்டியிருக்கிறது. அட்டையின் ஓரத்தில் பொன்முலாம். அப்பா நாற்காலியில், அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, சுற்றிலும் ஐந்து பிள்ளைகள். யார் முகத்திலும் சிரிப்பில்லை. பெரிய பையனின் ஷூவுக்குப் பின்னால் ஏதோ இரும்புக் கால் தெரிகிறது. இது எந்த வருடத்துப் படம், ஏன் எல்லோரும் உம்மென்று இருக்கிறார்கள், அந்தப் பையனை இறந்த பிறகு நிறுத்திவைத்து எடுத்தார்களா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதுதான் தூக்கத்தைக் கெடுத்திருக்கும். இல்லை, அந்தப் பையன் உயிரோடுதான் நிற்கிறான். சொல்லப்போனால் அந்த இரும்புக் கால் தெரிவதே அவன் உயிரோடு இருந்ததற்கு நல்ல சாட்சி.

அது தலைதாங்கியின் அடிப்பாகம். கனமான இரும்பு அடித்தட்டு, அதில் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு கம்பி, கம்பியின் உச்சியில் கவட்டை போல இரண்டு விரல். அந்தக் கவட்டை பின்மண்டையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அசையாமல் நிற்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதும் உடம்பு மெல்ல ஆடிக்கொண்டேதான் இருக்கும். தலைக்குப் பின்னால் தொடுவதற்கு ஒன்று இருந்தால் அந்த ஆட்டம் நின்றுவிடும். உயிரற்ற உடலை அந்தக் கம்பியில் சாய்த்தால் கம்பியும் உடலும் சேர்ந்து விழும். தைத்துக்கொள்ள வந்தவரின் சட்டையில் குத்திய குண்டூசியைப் பார்த்து அவர் செத்துப்போனார் என்று முடிவு கட்டுவது போன்றது இந்த நம்பிக்கை. ஆனாலும் அது போக மாட்டேன் என்கிறது. பழைய போட்டோ விற்பவர்களுக்கு 'இறந்தவர் படம்' என்று ஒரு வரி சேர்த்தால் விலை ஏறுகிறது என்பதும் ஒரு காரணம்.

இறந்தவர்களைப் படமெடுக்கும் வழக்கம் இருந்தது உண்மைதான், முக்கியமாகக் குழந்தைகளை. பல குழந்தைகளுக்கு அதுதான் முதல் படமும் கடைசிப் படமும். ஆனால் அந்தப் படங்களில் ஒளிவு மறைவு குறைவு. குழந்தை கட்டிலில், தொட்டிலில், சவப்பெட்டியில், அல்லது அம்மா மடியில் தூங்குவது போலக் கிடக்கும். பெரும்பாலும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். நிற்கவைத்து, கண்ணைத் திறந்துவைத்து, மற்ற பிள்ளைகளோடு சேர்த்து எடுத்ததாகச் சொல்லிப் பரப்பப்படுபவை பெரும்பாலும் சாதாரணப் படங்கள்தான்.

இதற்கு இன்னொரு 'சான்று' காட்டுவார்கள்: கண்ணில் கருவிழி மையால் வரைந்திருக்கிறது, ஆகவே இறந்தவர். இதற்கும் விடை ரசாயனத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கேமராவுக்குள் வைத்துப் படம் பிடித்த தகடுகளுக்கு நீல நிறம் மட்டும்தான் நன்றாகத் தெரியும். சிவப்பும் மஞ்சளும் கிட்டத்தட்ட இருட்டு. அதனால் வெளிர்நீலக் கண்கள் படத்தில் வெள்ளையாக வெளிறிப்போகும். ஸ்டூடியோக்காரர் மெல்லிய தூரிகையை எடுத்து இரண்டு புள்ளி வைத்துவிடுவார். தோலில் லேசாக இருக்கும் செம்புள்ளிகள் அம்மைத் தழும்பு போலத் தெரியும். ரத்தச் சிவப்பு கவுன் கறுப்பாக விழும். இதை மறந்துவிட்டு, கறுப்பு உடையைக் கண்டதும் 'துக்கத்தில் இருந்த குடும்பம்' என்று கதை எழுதியவர்கள் எத்தனையோ பேர். சாயம் சேர்த்தால் தகட்டுக்கு மற்ற நிறங்களும் தெரியும் என்று ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல் 1873ல் கண்டுபிடித்தார். எல்லா நிறத்தையும் பார்க்கும் தகடு கடைக்கு வர 1906 ஆனது. ஆகவே உங்கள் படத்தில் அம்மாவின் உடை கறுப்பாகத் தெரிந்தாலும், அது கறுப்புதானா என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, சிரிப்புக்கு வருவோம். படமெடுக்க நெடுநேரம் ஆகும், அவ்வளவு நேரம் சிரிப்பைப் பிடித்துவைக்க முடியாது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. 1851ல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் கொண்டுவந்த ஈரத்தகடு முறையில் கண்ணாடியில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். வெளிச்சத்தைப் பொறுத்துச் சில விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டும். 1871ல் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் முன்கூட்டியே பூசிக் காயவைத்துக்கொள்ளக்கூடிய ஜெலட்டின் உலர்தகட்டுக்கு வழிகாட்டினார். அந்தப் பத்தாண்டின் கடைசியில் தொழிற்சாலைத் தகடுகள் கிடைக்க ஆரம்பித்தன. அதன் பிறகு நல்ல வெளிச்சத்தில் ஒரு விநாடியோ அதற்கும் குறைவோ போதும். ஒரு விநாடி யாராலும் சிரிக்க முடியும். ஆனால் 1890களின் படங்களிலும் யாரும் சிரிக்கவில்லையே!

காரணம் பழக்கம். போட்டோவுக்கு உட்காருவது என்றால் ஓவியருக்கு முன்னால் உட்காருவது மாதிரிதான் அவர்கள் எண்ணினார்கள். ஓவியத்தில் பல்லைக் காட்டிச் சிரிப்பவர்கள் குடிகாரர்கள், கோமாளிகள், சிறுபிள்ளைகள். குடும்பத்தோடு ஸ்டூடியோவுக்குப் போவது பல வருடங்களுக்கு ஒருமுறை நடக்கும் காரியம். அதில் பதிவது பேரன் பேத்திவரை நிற்கப்போகிற முகம். அங்கே போய் இளிப்பார்களா?

சிலருக்கு அந்த இறுக்கம் ஓர் ஆயுதமாகவும் இருந்தது. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து அடிமை முறைக்கு எதிராகப் போராடிய ஃபிரெடெரிக் டக்ளஸின் படங்கள் சுமார் 160 இன்று கிடைக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்டவர் அவர்தான் என்கிறார்கள். கிட்டத்தட்ட எதிலும் சிரிப்பில்லை. கறுப்பின மக்களைப் பல்லிளிக்கும் கேலிச் சித்திரங்களாக வரைந்துகொண்டிருந்த காலத்தில், அவர் கேமராவை நேராக முறைத்துப் பார்த்தது தற்செயல் அல்ல.

இனி வருடம். என்னிடம் யாராவது பழைய படத்தைக் காட்டினால் முகங்களை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முகம் நம்மை ஏமாற்றும். 'அப்படியே நம்ம பெரியப்பா ஜாடை' என்று ஆரம்பித்தால் அப்புறம் எதுவும் கண்ணில் படாது. முதலில் அது என்ன பொருள் என்று பார்க்க வேண்டும்.

கண்ணாடி போலப் பளபளத்து, சாய்த்தால் படம் மறைந்து உங்கள் முகமே தெரிந்தால் அது டகேரியோடைப். செம்புத் தகட்டில் வெள்ளி பூசியது, 1839ல் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது, 1850களோடு பெரும்பாலும் முடிந்துபோனது. கண்ணாடிச் சில்லில் படமும் பின்னால் கறுப்புப் பூச்சும் இருந்தால் ஆம்ப்ரோடைப்; 1850களின் நடுவிலிருந்து பத்து வருடம் போல ஓடியது. மெல்லிய தகரம் போல இருந்து காந்தம் ஒட்டினால் டின்டைப். பெயரில்தான் டின், உண்மையில் இரும்பு. இது 1856ல் வந்து, சந்தைகளிலும் கடற்கரைகளிலும் படமெடுப்பவர்கள் புண்ணியத்தில் இருபதாம் நூற்றாண்டிலும் ஓடியது. அதனால் டின்டைப் என்று தெரிந்துவிட்டது என்பதற்காக வருடம் தெரிந்துவிட்டது என்று ஆகாது.

இந்த மூன்றுக்கும் நெகட்டிவ் கிடையாது. கேமராவில் இருந்த தகடே கைக்கு வரும் படம். அதனால் பொதுவாக எல்லாமே இடவலம் மாறி இருக்கும். ஒரு டின்டைப்பில் மனிதர் இடக்கையில் பேனா பிடித்திருப்பதைப் பார்த்து, அவர் இடக்கைப் பழக்கக்காரர் என்று நான் அரைப்பக்கம் எழுதிவைத்திருந்தேன். மறுநாள்தான் அவர் கோட்டின் பொத்தான்கள் பெண்கள் உடையில் இருப்பது போல மாறி இருந்ததைக் கவனித்தேன். அரைப்பக்கமும் குப்பைக்குப் போனது.

உங்களுடையது அட்டையில் ஒட்டிய காகிதப் படம். அட்டைப் படங்களில் இரண்டு அளவுகள்தான் அந்தக் காலத்தை ஆண்டன. சின்னது கார்ட் டி விசிட், சுமார் 6.4க்கு 10 செ.மீ. 1854ல் பாரிஸில் டிஸ்டேரி என்பவர் காப்புரிமை வாங்கியது. ஒரே தகட்டில் எட்டுப் படம் எடுத்து வெட்டி ஒட்டுவது, அதனால் மலிவு. 1860களில் பைத்தியம் பிடித்தது போல எல்லோரும் சேர்த்தார்கள், மாற்றிக்கொண்டார்கள், ஆல்பத்தில் சொருகினார்கள். பெரியது கேபினட் கார்டு, சுமார் 10.8க்கு 16.5 செ.மீ. 1866ல் லண்டனில் அறிமுகமாகி, 1880களில் சின்னதை ஓரங்கட்டி, 1900க்குப் பின் மெல்ல மறைந்தது. ஐந்து பிள்ளைகளோடு ஒரு குடும்பத்தைக் காட்ட இந்த அளவு வேண்டியிருந்தது. சின்ன அட்டையில் முகங்கள் கடுகு மாதிரி ஆகிவிடும். நீங்கள் சொல்லும் அளவைப் பார்த்தால் உங்களுடையது கேபினட் கார்டு.

அட்டையே ஒரு காலண்டர். 1860களின் அட்டை மெல்லியது, மூலைகள் கூர்மையானவை. 1870களில் மூலைகள் வளைகின்றன, அட்டை தடிக்கிறது. 1880களில் கறுப்பு, கரும்பச்சை, மரூன் போன்ற அடர்நிற அட்டைகளும், சரிவாக வெட்டிப் பொன்முலாம் பூசிய ஓரங்களும் வருகின்றன. 1890களில் ஓரத்தை அலை அலையாக வெட்டுவது மோஸ்தர். நூற்றாண்டு திரும்பியதும் சாம்பல் நிறத்தில், மேலே எழுத்து புடைத்த பெரிய அட்டைகள். உங்கள் கரும்பச்சையும் பொன்முலாமும் 1880களின் தொடக்கத்திலிருந்து 1890களின் நடுப்பகுதிவரை எங்காவது வைக்கும்.

இப்போது திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பெரும்பாலும் ஸ்டூடியோவின் விளம்பரம். முகவரி இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்டூடியோக்கள் அடிக்கடி இடம் மாறும், பழைய ஊர் விவரப் புத்தகங்களில் எந்த வருடம் எந்தத் தெருவில் என்று தேடலாம். கண்காட்சிகளில் வாங்கிய பதக்கங்களை அச்சிட்டுக்கொள்வதில் அவர்களுக்கு அலாதிப் பிரியம். '1889 பாரிஸ்' என்று ஒரு பதக்கம் இருந்தால் அந்த அட்டை 1889க்கு முந்தியது இல்லை. அமெரிக்கப் படம் ஒன்றின் பின்னால் சின்ன வரி வில்லை ஒட்டியிருந்தால் இன்னும் கொண்டாட்டம்: உள்நாட்டுப் போர்ச் செலவுக்காகப் போட்ட அந்த வரி 1864 செப்டம்பரிலிருந்து 1866 ஆகஸ்ட் வரைதான் இருந்தது.

அப்புறம் காகிதம். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் படத்தின் வெளிச்சமான பகுதியைப் பாருங்கள். காகிதத்தின் நார்கள் தெரிந்து, வெள்ளை இருக்க வேண்டிய இடம் வெண்ணெய் நிறத்தில் இருந்தால் அது ஆல்புமன், அதாவது முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதம். 1850ல் பிளாங்கார்-எவ்ரார் அறிமுகப்படுத்திய இந்தக் காகிதம் நாற்பது வருடம் கொடிகட்டிப் பறந்தது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருந்த ஒரு தொழிற்சாலை மட்டும் நாளுக்கு அறுபதாயிரம் முட்டை உடைத்ததாகக் கணக்கு. நார் தெரியாமல் வழவழவென்று இருந்து, படத்தைச் சாய்த்தால் இருண்ட பகுதிகளின் ஓரத்தில் நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால், ஜெலட்டின் காகிதமாக இருக்கும். 1890களிலிருந்து இதுதான் மெல்ல மெல்ல இடம் பிடித்தது. அந்த மினுமினுப்பைத் துடைக்கப் போகாதீர்கள். அது அழுக்கு இல்லை, படத்தின் வெள்ளியே மேலே வந்து நிற்கிறது.

இதற்கெல்லாம் பிறகுதான் உடை. ஐரோப்பிய பாணி உடை என்றால் அம்மாவின் தோள்பட்டையைப் பாருங்கள். 1880களின் நடுவில் உடையின் கை இறுக்கமாக இருக்கும். 1889 வாக்கில் தோள் முனையில் சின்னதாக ஒரு கூர்ப்பு எழும்பும். 1895ல் கை பலூன் மாதிரி ஊதிவிடும். 1898க்குள் காற்றுப் போய்விடும். வயதானவர்களை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். பாட்டிகள் பத்துப் பதினைந்து வருடப் பழைய மோஸ்தரிலேயே வருவார்கள். இளம்பெண்ணின் கைதான் நம்பகமானது. குழந்தைகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: மூன்று நான்கு வயதுவரை, சில நேரம் அதற்கு மேலும், ஆண்பிள்ளைகளுக்கும் கவுன்தான் போடுவார்கள். வகிடு நடுவில் என்றால் பெரும்பாலும் பெண், பக்கத்தில் என்றால் பையன். பல குடும்பங்களில் 'பெயர் தெரியாத அத்தை' என்று குறித்து வைத்திருப்பது சித்தப்பாவாகவே இருக்கும்.

குடும்பப் படத்துக்கு மட்டும் வாய்த்த ஒரு வசதி பிள்ளைகள். ஐந்து பிள்ளைகளின் பிறந்த வருடங்களில் இரண்டு தெரிந்தால் போதும். கடைசிக் குழந்தையின் வயதும், அதற்கு அடுத்த குழந்தை இன்னும் பிறக்கவில்லை என்பதும் சேர்ந்து படத்தை இரண்டு மூன்று வருடத்துக்குள் அடக்கிவிடும். உங்கள் படத்தில் அம்மாவின் தோளில் அந்தச் சின்னக் கூர்ப்பு இருந்து, பலூன் இல்லையென்றால், 1889க்கும் 1893க்கும் நடுவில் என்று நான் சொல்வேன். கைக்குழந்தை பிறந்த வருடம் அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, பின்னால் வந்தவர்கள் பழைய படத்தையே மறுபடி படமெடுத்துப் புது அட்டையில் ஒட்டியிருக்கலாம். ஒரே படத்தைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்ளும்போது இது சகஜம். அப்படிப்பட்ட நகலில் விவரங்கள் மொழுக்கென்று இருக்கும், சில நேரம் மூலப் படத்தின் ஓரம்கூடத் தெரியும். இரண்டு, வைத்திருந்த நெகட்டிவிலிருந்து பத்து வருடம் கழித்துப் பிரிண்ட் போட்டிருக்கலாம். 'நெகட்டிவ் பாதுகாக்கப்படும்' என்று அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

படத்துக்குள் தெரியும் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது வீடே இல்லை. மேலே கண்ணாடிக் கூரை போட்ட, நேர்வெயில் விழாத திசையிலிருந்து வெளிச்சம் வாங்கும் ஒரு பெரிய அறை. பின்னால் தெரியும் மாடிப்படி துணியில் வரைந்தது. வரைந்த படி எங்கே முடிந்து நிஜக் கம்பளம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் அந்த மடிப்பில் ஒரு சுருக்கம் இருக்கும். தூண் மரச்சட்டம், பாறை காகிதக்கூழ். அப்பாவின் கையில் புத்தகம் இருப்பதால் படித்தவர் என்று எழுதிவிடாதீர்கள். அதே புத்தகத்தை அன்று காலையில் வந்த இன்னொருவரும் பிடித்திருப்பார். அப்பா உட்கார்ந்து அம்மா நிற்பதை வைத்து வீட்டில் யார் ராஜ்ஜியம் என்று அளப்பவர்கள் உண்டு. தலைகள் ஒரே வரிசையில் வராமல் ஏறி இறங்கித் தெரியவும், அம்மாவின் உடை முழுதாக விழவும் ஸ்டூடியோக்காரர் அப்படி நிறுத்துவார் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் குடும்பத்துக்குச் சொந்தமானது உடம்பும் உடுத்தியிருப்பதும் மட்டும்தான். சில ஸ்டூடியோக்களில் உடுத்தியிருப்பதும் இரவல்.

முகமும் முழுக்க அவர்களுடையது இல்லை. நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் சுருக்கங்களை நிரப்புவது அப்போது தனித்தொழில். என்னிடம் இருக்கும் ஒரு கேபினட் கார்டில் நடுவயதுப் பெண்ணின் முகம் பீங்கான் போல இருக்கிறது. கன்னத்தில் ஒரு கோடு கிடையாது. மடியில் வைத்திருக்கும் கைகளைப் பார்த்தால் முட்டிகள் தடித்து, நகங்கள் தேய்ந்து, நரம்பு புடைத்திருக்கிறது. பென்சில்காரர் கழுத்துவரை வந்து நிறுத்திவிட்டார். அதே படத்தில் கைக்குழந்தையின் வலக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெண்புகை. அந்த ஒரு விநாடியில் அந்த அறையில் அசைந்தது அது மட்டும்தான்.

குழந்தை தனியாக இருக்கும் படங்களில் பின்னால் நாற்காலி கொஞ்சம் விசித்திரமாக, துணி போர்த்திக் குண்டாக இருந்தால் உற்றுப் பாருங்கள். துணிக்குள் அம்மா இருப்பாள். குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், படத்தில் ஆள் தெரியக் கூடாது. சில படங்களில் துணிக்கு வெளியே நாலு விரல் தெரியும்.

1888ல் யாரும் கையில் பிடித்து எடுக்கக்கூடிய கோடக் கேமராவும் 1900ல் அதன் மலிவான தம்பி பிரவுனியும் வந்ததும் இந்த அறையின் பிடி தளர்ந்தது. குடும்பம் வாசற்படியில் உட்கார்ந்தது, நாய் குறுக்கே ஓடியது, யாரோ சிரித்தார்கள். 1900களில் போட்டோவையே தபால் அட்டையாகப் பிரிண்ட் போட்டு அனுப்பினார்கள். அவற்றின் பின்பக்கத்தில் முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு இருந்தால் பிரிட்டனில் 1902க்குப் பின், அமெரிக்காவில் 1907 மார்ச்சுக்குப் பின்.

பாதுகாப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனசில்லை. பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டாதீர்கள், பேனாவால் பின்னால் எழுதாதீர்கள்; மென்மையான பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுதினால் போதும். வேறு எதைச் செய்வதற்கு முன்னும் இரண்டு பக்கத்தையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிடுங்கள். சட்டம் போட்ட படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்கவே வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு ஒன்றைப் பிரித்து இழுத்தேன். ஒரு பெண்ணின் முகத்தில் பாதி கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அந்தக் கண்ணாடியை இன்னும் வைத்திருக்கிறேன்.

உங்கள் அட்டையின் பின்பக்கத்தையும், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து அதன் ஓரத்தையும் தனித்தனியாகப் படமெடுத்துப் போடுங்கள். ஸ்டூடியோ முகவரி இருந்தால் அந்த நாலு வருட இடைவெளியை இன்னும் குறுக்கிப் பார்க்கலாம்.